வால் மாறிய படங்கள்

மூன்று லட்சத்துச் சொச்சம் கோப்புகள் ஒரே பெட்டிக்குள் கொட்டிக் கிடக்கின்றன. அதில் படம் எது, பாட்டு எது, பாதியில் நின்றுபோன சினிமா எது என்று கையால் பொறுக்கிப் பிரிக்க உங்களால் ஆகுமா, சொல்லுங்கள்? ஆகாதல்லவா, அஞ்சுகத்தாலும் ஆகாது, அதற்குத்தான் பைத்தான் என்கிற நிரல்மொழி இருக்கிறது. அது பாட்டுக்குப் பிரிக்கட்டும் என்று விட்டுவிட்டு அவள் ஹாயாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாம், ஆனால் எங்கே கட்டுவது, இடது கையில் தூளிக் கயிறு இருக்கிறது. ஸ்டுடியோவில் பின்னணித் திரை மாட்டுகிற இரும்புக் குழாயில் பழைய சேலையைக் கட்டித் தொங்கவிட்ட தூளி, அதற்குள் தன்விகா, அவளுக்குப் பின்னால் பனிமலையும் ஏரியும் வரைந்த திரை. காங்கேயத்து வெயிலில் பனிமலை அடிவாரத்தில் தூங்குகிற ஒரே பிள்ளை என் பிள்ளைதான் என்று நினைத்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, சத்தமாகச் சிரித்தால் பிள்ளை எழுந்துகொள்ளும், வாயைப் பொத்திக்கொண்டாள். கணினித் திரையில் கறுப்புச் சன்னலுக்குள் வெள்ளை எழுத்து மேலே மேலே ஓடுகிறது, ஒவ்வொரு வரியும் ஒரு படம், பழைய டிஸ்க்கிலிருந்து புது டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது என்று அர்த்தம், ஓடு ஓடு என்று அவள் கட்டைவிரல் தானாகத் தரையைத் தட்டியது. தான் எழுதியது ஓடுகிறது! பத்துப் பதினைந்து வரி, அவ்வளவுதான், குழம்புக்குச் சாமான் எழுதுகிற அளவுக்குத்தான் இருக்கும், அது இத்தனை வருஷத்துக் கல்யாணத்தையும் காதுகுத்தையும் ஒவ்வொன்றாகத் தொட்டு, நீ படமா, வா, நீ பாட்டா, அங்கேயே கிட என்று சொல்லிக்கொண்டு போகிறதே. கட். அந்தச் சத்தம் மறுபடியும். பழைய டிஸ்க்குதான். யாரோ உள்ளே உட்கார்ந்துகொண்டு நகத்தால் தகரத்தைச் சுண்டுகிற மாதிரி கட், கொஞ்சம் பொறுத்து இன்னொரு கட். திரையில் எழுத்து ஒரு நிமிஷம் நின்றது, அஞ்சுகத்தின் மூச்சும் நின்றது, பிறகு எழுத்து ஓடியது, மூச்சும் ஓடியது.

கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரர் காலையில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, நோயாளியைப் பார்த்த டாக்டர் மாதிரி ஸ்டுடியோக்காரர் சென்னியப்பன் அண்ணனை வெளியே கூட்டிக்கொண்டு போய்த்தான் சொன்னார். "இன்னிக்கு ஓடும், நாளைக்கு ஓடுமான்னு கேக்காதீங்க. ஒருக்கா நிறுத்திப்போட்டீங்கன்னா மறுக்கா எந்திரிக்காது. வேணுங்கறத மட்டும் எடுத்துக்கோங்க." வேண்டியது எது? அண்ணனுக்குப் படம் மட்டும் போதும், வாங்கி வந்திருக்கிற புது டிஸ்க்கில் அதற்குத்தான் இடமும் இருக்கிறது, பழையதிலோ வீடியோ, பாட்டு, ஆல்பம் டிசைன், முன்பு வேலைக்கு இருந்தவர்கள் ஏற்றி வைத்த சினிமா எல்லாம் வாழைத்தாரில் காய் மாதிரி அடைந்து கிடக்கிறது. "அம்மிணி, ஒண்ணொண்ணாத் தொறந்து பாத்து எடுத்துப்போடறியா?" என்று அண்ணன் கேட்டபோது அவள்தான் வாயைக் கொடுத்தாள், "ஒண்ணொண்ணாவா? தன்வி காலேஜு போயிருவாளுங்ண்ணா. நான் ஸ்கிரிப்ட் எழுதறனுங்க." அவர் புருவத்தைத் தூக்கினார். லேமினேஷன் போடுவதும், பாஸ்போர்ட் படத்தை எட்டாக வெட்டுவதும், சட்டம் தேர்ந்தெடுக்க வருகிறவர்களிடம் தங்க நிறமா கறுப்பா என்று கேட்பதும்தான் அவள் வேலை. ஆனால் பன்னிரண்டாவதில் அவளுக்குக் கணினி அறிவியல் இருந்தது. மூன்று பேருக்கு ஒரு கணினி, அதிலும் மின்சாரம் இருக்கும்போது, மற்ற நேரத்தில் கட்டங்கட்டமாகக் கோடு போட்ட நோட்டில் நிரல் எழுதி, வாயால் ஓட்டிப் பார்த்து, வாயாலேயே பிழை சொல்லிக்கொள்வார்கள், அடியே நீ தள்ளி எழுதல, உள்ளே தள்ளாட்டிப் போனா பைத்தான் கோவிச்சுக்கும் என்று. பிள்ளை பிறந்து வீட்டில் கிடந்தபோது, பால் கொடுக்கிற நேரத்தில் சும்மா இருக்கிற வலது கைக்கு என்ன வேலை என்று போனில் அதே பாடத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தாள், புருஷன் பூபதி கொப்பரை லோடு இறக்கிவிட்டு வந்து எட்டிப் பார்த்து, "நாடகம் பாக்கறயாக்கும்னு நெனச்சேன், இது என்ன புள்ள, எழுத்து ஓடீட்டு இருக்குது, கதையே இல்ல," என்றான். கதை இருக்கிறது பூபதி, இதோ ஓடுகிறது பார், உள்ளே போ, ஒவ்வொரு ஃபோல்டராக, அறை அறையாக நுழை, ஒவ்வொரு பெயரையும் எடுத்துச் சின்ன எழுத்தாக்கிக்கொள், புள்ளிக்குப் பின்னால் தொங்குகிற வால் ஜேபிஜி என்று முடிகிறதா, ஜேபிஇஜி, பிஎன்ஜி, முடிந்தால் எடு, முடியாவிட்டால் தாண்டிப் போ. சின்ன எழுத்தாக்குவதை அவள் மறக்கவில்லை, அதுதான் அவளுக்குப் பெருமை, சில கேமரா பெரிய எழுத்தில் வால் போடும், சிலது சின்னதில் போடும், அதைப் பார்க்காமல் விட்டிருந்தால் பாதிப் படம் போயிருக்கும். எந்த அறையில் இருந்ததோ புது டிஸ்க்கிலும் அதே அறையில் போடு என்றும் எழுதியிருக்கிறாள், இல்லாவிட்டால் ஒரே எண்ணில் இருக்கிற இரண்டு கல்யாணப் படம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்துகொள்ளும், ஒரு கல்யாணத்து மாப்பிள்ளைக்கு இன்னொரு கல்யாணத்துப் பெண்!

மறுபடி சிரிப்பு. தூளியில் ஒரு கால் வெளியே வந்தது, கொலுசு ஒரு தரம் கிணுங்கியது, அஞ்சுகம் கயிற்றை இழுத்தாள், கால் உள்ளே போனது. வெளியே கடையில் யாருக்கோ அண்ணன் பாஸ்போர்ட் படம் எடுக்கிறார், "தாடையக் கொஞ்சம் எறக்குங்க, அவ்ளோ எறக்காதீங்க," பளிச்சென்று வெளிச்சம் திரைச்சீலை ஓரத்தில் வந்து போயிற்று. கலாமணியக்கா இன்னும் வரவில்லை. வரட்டும், மெதுவாக வரட்டும், வரும்போது முடிந்திருக்கும். போன முகூர்த்தத்தில் அக்காவின் தம்பிக்குக் கல்யாணம், படம் எடுத்தது இந்த ஸ்டுடியோ, அந்தப் படங்களைப் பார்க்கத்தான் அக்கா வருகிறாள், பார்த்துவிட்டு சாயங்காலம் பஸ் ஏறித் திருப்பூருக்குப் போக வேண்டும், அங்கே பனியன் கம்பெனியில் வேலை, மகளோடு தனியாக இருக்கிறாள். எல்லாப் படமும்கூட இல்லை, அவளுக்கு ஒன்று போதும், இணைச்சீர். அதை அஞ்சுகம் கண்ணால் பார்த்தாள். லைட் பிடிக்க ஆள் வரவில்லை என்று அன்றைக்கு அவளைத்தான் அண்ணன் கூட்டிப் போயிருந்தார், குடை விளக்கைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடை ஓரத்தில் நின்றாள். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவன் கூடப்பிறந்தவள், பேழைமூடி என்கிற மூங்கில் கூடையில் கூறைச்சேலையை வைத்து இடுப்பில் தாங்கிக்கொண்டு நிற்க வேண்டும், தாலி கட்டுமுன் அதுதான் சீர், அது நடந்தால்தான் மேலே நடக்கும். கலாமணியக்கா மேடை ஏறப் போனபோது அவள் பெரியப்பன் குறுக்கே வந்தார். "கட்டுனவன உட்டுப்போட்டு வந்தவ எப்புடி இணைச்சீர் செய்யறது? ஒறம்பரைச் சனம் என்ன சொல்லும்? சின்னம்மா புள்ளை இருக்குதல்லோ, அது நிக்கட்டும்." மண்டபம் முழுக்கக் கேட்டது. மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். அக்கா காலை ஒரு படி கீழே வைத்தாள். அப்போதுதான் மாப்பிள்ளை, அந்தப் பையன் ஒரு சத்தம் போட்டுப் பேசி அதுவரை யாரும் கேட்டதில்லையாம், அவன் சொன்னான், "எங்கக்கா நிக்கலையின்னா நானும் நிக்கலைங்க பெரியப்பா. மண்டபத்துக்கு வாடகை நீங்க குடுத்துக்கோங்க." யாரோ சிரித்தார்கள், சிரிப்பு பரவியது, அக்கா ஏறினாள், பேழைமூடி இடுப்புக்கு வந்தது, அந்த நேரத்தில் அவள் தம்பியைப் பார்த்துச் சிரித்தாள் பாருங்கள், அஞ்சுகத்துக்குக் குடை ஆடிப்போயிற்று. "அம்மிணி, லைட்டு!" என்று அண்ணன் கத்தினார், நேராகப் பிடித்தாள், பளிச். அந்தப் படம் இருக்கிறது. கட்டாயம் இருக்கிறது. கேமராவின் கார்டை அடுத்த கல்யாணத்துக்காகத் துடைத்துவிட்டார், அதனால் கார்டில் இல்லை, ஆனால் டிஸ்க்கில் இருக்கிறது, அண்ணன் அன்று ராத்திரியே ஏற்றிவிட்டார், அது இந்தக் கட் கட்டுக்குள்ளேதான் இருக்கிறது.

ஓட்டம் நின்றது. கறுப்புச் சன்னலின் அடியில் முடிந்தது என்று வந்தது, அதுவும் அவள் எழுதி வைத்ததுதான், முடிந்தால் முடிந்ததென்று சொல் என்று, தான் சொல்லிக்கொடுத்ததைத் தனக்கே சொல்கிறதே என்று அவளுக்குத் தன்வி முதல் தரம் அம்மா என்று சொன்ன நாள் மாதிரி இருந்தது. எழுந்து குதிக்க வேண்டும் போலிருந்தது, கயிறு விடவில்லை, உட்கார்ந்த இடத்திலேயே தோளை மட்டும் இரண்டு தரம் குலுக்கிக்கொண்டாள். "அண்ணா, ஆச்சுங்!" "ஆச்சா? அதுக்குள்ளயா? அட, கெட்டிக்காரி!" என்றது கடைக்குரல். அந்தக் கல்யாணத்து அறையைத் திறப்போம், முதலில் அதைத்தான் திறக்க வேண்டும், புது டிஸ்க், புது அறை, படங்கள் சின்னச் சின்னக் கட்டமாக வரிசை வரிசையாக விழுந்தன, மண்டப வாசல், வாழைமரம், பன்னீர் தெளிக்கிற பிள்ளைகள், மேளம், மேடை, இணைச்சீர் இதோ. அக்கா கண்ணை மூடியிருக்கிறாள். அடுத்தது. அக்கா திரும்பியிருக்கிறாள். அடுத்தது, நடுவில் யாரோ சொட்டைத்தலை, அடுத்தது மாப்பிள்ளைக்குக் கால் மட்டும், அடுத்தது மங்கல், அடுத்தது தாலி கட்டியாயிற்று. இல்லையே. மேலே போய் மறுபடி வந்தாள். கண் மூடிய படம், திரும்பிய படம், சொட்டை, கால், மங்கல், தாலி. சிரித்த படம் இல்லை.

இல்லை என்றால் எப்படி இல்லை? அவள் மூன்றாவது தரம் மேலே போனாள், அடுப்பில் வைத்த பால் பொங்குகிறதா என்று திரும்பத் திரும்ப எட்டிப் பார்ப்பது மாதிரி, பார்த்தால் மாறிவிடுமா, மாறவில்லை. கட் என்றதே, அப்போது ஒரு நிமிஷம் எழுத்து நின்றதே, அந்த இடத்திலா? அந்த நிமிஷத்தில் டிஸ்க் அதை விழுங்கிவிட்டதா? அப்படியானால் சொட்டைத்தலையை ஏன் விழுங்கவில்லை, கண் மூடியதை ஏன் விழுங்கவில்லை, நல்லதாகப் பார்த்துத் தின்பதற்கு டிஸ்க்குக்கு என்ன கண்ணா இருக்கிறது? இல்லை, நான்தான் ஏதாவது அழித்துவிட்டேனா. அழி என்று எழுதினேனா? எழுதவில்லை. எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். தெரியுமா? ஸ்கிரிப்டைத் திறந்து வரி வரியாக விரலை வைத்துப் படித்தாள், உள்ளே போ, பெயரை எடு, சின்னதாக்கு, வால் பார், எடு, போடு, சொல். அழி எங்கேயும் இல்லை. கேஸை மூடினேனா என்று பாதி வழியில் பஸ்ஸை நிறுத்தி இறங்கி ஓடி வந்து, மூடியிருப்பதைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து சிரித்தாளே ஒரு நாள், அது ஞாபகம் வந்தது, ஆனால் இப்போது சிரிப்பு வரவில்லை. மற்றக் கல்யாணங்களைத் திறந்தாள். ஒன்று, இரண்டு, இன்னொன்று. எல்லாவற்றிலும் இதே கதை! பெண் கொட்டாவி விடுகிறாள், மாப்பிள்ளை மூக்கைச் சொறிகிறான், தாலி கட்டும்போது ஐயர் கை மறைக்கிறது, ஒரு கல்யாணத்தில் பந்தியில் ஒருவர் வாயில் அப்பளம் பாதி. இத்தனை வருஷமாக அண்ணன் இப்படியா படம் எடுத்தார்? இந்த ஊரில் ஒரு ஆள் இவரை இன்னும் அடிக்கவில்லையே! நல்லதெல்லாம் எங்கே? எல்லாக் கல்யாணத்திலும் நல்லது மட்டும் காணோம் என்றால் அது டிஸ்க் செய்த வேலை இல்லை. அது மனுஷன் செய்த வேலை. இப்படி நினைத்ததும் அவளுக்குப் பயத்துக்கு நடுவிலேயே ஒரு குறுகுறுப்பு, கொப்பரையைக் கடித்தவுடன் எண்ணெய் நாக்கில் படுமே அந்த மாதிரி, ஏதோ இருக்கிறது, ஏதோ இருக்கிறது.

"வாங்க கலாமணி," என்றது கடைக்குரல். ஐயோ, வந்துவிட்டாள். "படம் ரெடிங்களா?" "உள்ள அம்மிணி பாத்துட்டு இருக்குது, அதுவே புரோகிராம் எழுதீருச்சு, ஒரே நாள்ல மொத்தமும் ஆச்சு பாத்துக்கோங்க," அண்ணன் பெருமை அடிக்கிறார், அண்ணா அடிக்காதீங்க அண்ணா. "நான் அவசரப்படுத்துல. பஸ்ஸு போனா அடுத்த பஸ்ஸு. வெளிய கண்ணாடிப் பொட்டில இருக்கற பொண்ணு மாப்பிள்ளை யாருங்ண்ணா, வெய்யில்ல ரெண்டு பேரும் வெள்ளைக்காரங்களா ஆயிட்டாங்க!" அண்ணன் சிரிக்கிறார், "அது எந்தக் காலத்துப் படமோ, எடுக்கோணும் எடுக்கோணும்னு அப்படியே கெடக்குது." அக்காவின் சிரிப்பு. சிரித்துக்கொண்டே வந்திருக்கிறாள். நாளைக்கு யாரும், அவளா நின்றாள், சின்னம்மா பிள்ளைதானே நின்றது என்று பேச்சை மாற்றிவிடலாம், அவள் தலை நிமிர்ந்து சிரித்துக்கொண்டு நிற்பது அந்த ஒரு படத்தில்தான், அது இல்லாமல் கண் மூடிய படத்தைக் கொண்டுபோய் எப்படி நீட்டுவது. கேட்டுவிடலாம். கேட்டால் திட்டுவாரோ. திட்டட்டும். கயிற்றை நாற்காலிக் கையில் சுற்றிவிட்டு, அஞ்சுகம் திரைச்சீலையை விலக்கித் தலையை மட்டும் நீட்டினாள். "அண்ணா, ஒரு நிமிஷம் இங்க வர்றீங்ளா?"

அவர் வந்தார், பனிமலைக்குப் பக்கத்தில் நின்றார். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "எடுத்த படத்துல நல்லதுன்னு தோணறத நீங்க என்ன பண்ணுவீங்க?" "என்ன பண்ணுவேன்? அடையாளம் போட்டு வெப்பேன். ஆல்பத்துக்கு எதுன்னு தெரியோணுமல்லோ." "எங்க போடுவீங்க அடையாளம்?" "பேர்லதான். பின்னாடி புள்ளி வெச்சு மூணு எழுத்து சும்மா தொங்கீட்டு இருக்குமில்ல, அத அழிச்சுப்போட்டு ஆல்பம்னு அடிச்சுருவேன். ஏதோ எச்சரிக்கையெல்லாம் வரும், ஆமாம் ஆமாம்னு தட்டீருவேன். அந்தக் காலத்துல நெகட்டிவ் ஓரத்துல செவப்புப் பென்சில்ல கோடு போடுவோம், அந்தாட்டத்தான். ஏன் அம்மிணி?" அஞ்சுகம் அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். அவளுக்குத் தொண்டையிலிருந்து ஏதோ பொங்கி வந்தது, அழுகையாக்கும் என்று அவர் பயந்துபோய் ஒரு அடி பின்னால் வைத்தார், அது சிரிப்பு. சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தாள், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "வாலு! நீங்க வாலை அழிச்சீங்க, நான் வாலைப் பாத்து எடுத்தேன்!" இத்தனை வருஷத்துக் கழிவை எல்லாம் ஒன்று விடாமல் பொறுக்கி, பத்திரமாக, அறை அறையாக அடுக்கி வைத்திருக்கிறது என் ஸ்கிரிப்ட், நல்லதை மட்டும் சரியாகப் பார்த்து விட்டுவிட்டு வந்திருக்கிறது, இதைவிடச் சுத்தமாக யாராலும் தப்புச் செய்ய முடியாது. "அப்ப அந்தப் படம்…" அண்ணன் முகம் இப்போதுதான் மாறியது. "இருக்குதுங்க. பழசுலயேதான் இருக்குது. ஆல்பம்கற வாலையும் சேத்து எடுன்னு ஒரு வரி போட்டாப் போச்சு." "ஆல்பம் மட்டுமில்ல அம்மிணி," அவர் தலையைச் சொறிந்தார், "சிலதுக்கு நல்லதுன்னு போட்டிருப்பேன். மொகப்பு, பெருசு பண்ணு, பொண்ணு வீடு, மாப்பிள்ளை வீடு… கைக்கு என்ன வந்துச்சோ. இவியளுதுக்கு என்ன போட்டேன்னு ஞாபகமில்லையே." கட், என்றது டிஸ்க்.

அப்படியானால் வாலை நம்பவே முடியாது. வாலில் என்ன வேண்டுமானாலும் இருக்கும். அஞ்சுகம் உட்கார்ந்தாள், கயிற்றைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டாள், இரண்டு கையும் வேண்டும் இப்போது. வால் இல்லை, பெயர் இல்லை, அப்போது எதைப் பார்ப்பது, எதைப் பார்ப்பது என்று மனசு செக்கு மாதிரிச் சுற்றியது, செக்கு என்றதும் களம், களம் என்றதும் கொப்பரை, பள்ளிக்கூட லீவில் அவள் வேலைக்குப் போன களத்தில் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும், மேலே சாயத்தில் முதல் ரகம் என்று எழுதியிருக்கும், வாங்க வருகிற வியாபாரி அந்த எழுத்தைப் படித்ததே இல்லை. இடுப்பிலிருந்து குத்தூசியை எடுப்பார், மூட்டையில் ஒரே குத்து, இழுத்தால் ஊசிக் குழிக்குள் ரெண்டு துண்டு உள்ளிருந்தே வரும், மோந்து பார்ப்பார், அடுத்த மூட்டை. எழுத்து யார் வேண்டுமானாலும் எழுதலாம், உள்ளே இருப்பதுதானே சரக்கு! அஞ்சுகத்தின் முதுகுத்தண்டு நிமிர்ந்தது. கோப்புக்கும் குத்தூசி உண்டு. உண்டே! போனில் பார்த்தாளே, பால் கொடுத்துக்கொண்டு அரைத் தூக்கத்தில், ஒவ்வொரு வகைக்கும் தலையில் ஒரு முத்திரை இருக்கும், ஜேபிஜி என்றால் எஃப்எஃப், டி எட்டு, மறுபடி எஃப்எஃப், பெயரை எப்படி மாற்றினாலும் அது மாறாது, திறந்து முதல் மூன்று பைட்டை மட்டும் படித்தால் போதும், முழு மூட்டையையும் அவிழ்க்க வேண்டாம். விரல் ஓடியது. பெயர் எதுவாக இருந்தாலும் திற, முதல் மூன்றைப் படி, இதுவாக இருந்தால் எடு, எடுத்துப் போடும்போது பின்னால் ஜேபிஜி என்று ஒரு வாலையும் ஒட்டிவிடு, அண்ணன் வைத்த வால் அப்படியே இருக்கட்டும், அது அவர் பென்சில் கோடு. முதலில் எந்த அறை? எல்லாவற்றிலும் ஓட விட்டால் நடுவில் டிஸ்க் கண்ணை மூடினால்? அடுப்பு அணையப் போகிறது என்றால் முதலில் பிள்ளைக்குச் சோறுதான் வேகட்டும், பிறகு மற்றவர்களுக்கு. அந்தக் கல்யாணம் மட்டும் முதலில். ஓடு.

சிவப்பாகப் பிழை வந்தது. ஐயோ. என்ன, என்ன, எழுத்தாகப் படிக்க முடியவில்லை என்கிறது, ஆமாம், படம் எழுத்தா, திறக்கும்போது பி என்று ஒரு எழுத்துப் போட வேண்டும், பச்சையாகப் படி, எழுத்தாக்காதே என்று அர்த்தம், அவசரத்தில் விட்டுவிட்டாள், கணினி டீச்சர் இருந்தால் தலையில் ஒரு குட்டு விழும், போட்டாயிற்று, ஓடு சாமி. கட். கட். எழுத்து வரவில்லை. கட். தூளி ஆடுகிறதா என்று பார்த்தாள், தன்விகா விழித்துக்கொண்டிருந்தாள், சேலை விளிம்புக்கு மேலே இரண்டு கண், அழவில்லை, அந்தச் சத்தத்தைத்தான் கேட்கிறாள், கட் என்றால் கண்ணைச் சிமிட்டுகிறாள், அடுத்த கட்டுக்குக் காத்திருக்கிறாள், அவளுக்கு விளையாட்டு. அடுத்த கட் வரவில்லை. வரவில்லை என்றால் நல்லதா, நின்றேவிட்டதா? அஞ்சுகம் டிஸ்க்கின் மேல் உள்ளங்கையை வைத்தாள், ஜுரம் பார்க்கிற மாதிரி, சூடாக இருந்தது, உள்ளே ஏதோ சுற்றிக்கொண்டிருந்தது, சுற்று, இன்னும் கொஞ்சம், ஒரே ஒரு சிரிப்பு உள்ளே இருக்கிறது, அதை மட்டும் கொடுத்துவிடு. ஒரு வரி வந்தது. வாலைப் பார்த்தாள், நல்லது. இன்னொரு வரி, நல்லது. பெண் வீடு. மாப்பிள்ளை வீடு. மொகப்பு. வந்துகொண்டே இருந்தது, கடகடவென்று, மூட்டை கிழிந்து கொட்டுகிற மாதிரி, அவள் "வருதுங்ண்ணா வருதுங்ண்ணா" என்று கத்தியேவிட்டாள், பிள்ளையும் என்னவென்று தெரியாமல் கூடக் கத்தியது.

அதற்குள் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு கலாமணியக்காவே உள்ளே வந்துவிட்டாள். "என்ன கண்ணு, வீட்டுல தீயா? கத்தறயே." அப்புறம் தூளியைப் பார்த்தாள், சத்தியமாக முதலில் படத்தைப் பார்க்கவில்லை, பிள்ளையைத்தான் பார்த்தாள், இரண்டு கையையும் நீட்டி அள்ளித் தோளில் போட்டுக்கொண்டாள், "பனிமலையில குளுருதாடி ராசாத்தி?" அஞ்சுகம் அறையைத் திறந்தாள். புதுக் கட்டங்கள் விழுந்தன. நடுவில் அது இருந்தது. பெரிதாக்கினாள். பேழைமூடி இடுப்பில், கூறைச்சேலையின் சிவப்பு ஓரம், பக்கத்தில் தம்பியின் தோள், அக்கா அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள், படத்தின் மூலையில் சாய்ந்த வெளிச்சம், குடை ஆடிய தடம். அந்தத் தடத்துக்காக அண்ணன் திட்டுவார் என்று அன்றைக்கு அவள் பயந்தாள், ஆனால் இதற்குத்தான் மொகப்பு என்று போட்டிருக்கிறார், ஆல்பத்தின் முதல் பக்கம்.

அக்கா பார்த்துக்கொண்டே நின்றாள். தோளில் தன்விகா அவள் காதுத் தோட்டைப் பிடித்து இழுத்தது, அதுகூட அவளுக்குத் தெரியவில்லை. பின்னால் நின்ற அண்ணன் தொண்டையைச் செருமினார், "அம்மிணி, அந்த… மத்த கண்ணாலமெல்லாம்?" ஆமாம், மற்றவர்கள்! அவள் குனிந்து அறையின் பெயரை மாற்றினாள், எல்லா அறைக்கும் போ என்றாள், ஓட விட்டாள், கட் என்றது, எழுத்து ஓடியது, எதுவரை ஓடுகிறதோ அதுவரை அத்தனை பேரின் நல்ல முகமும் வரட்டும், வராதது வராது, இந்த நிமிஷத்தில் வருகிறதே அதுதான் பேச்சு. "அக்கா, உங்க போனுக்கு அனுப்பட்டுங்களா? பஸ்ஸுக்கு நேரமாச்சல்லோ."

"போனுக்கு வேண்டாங் கண்ணு, போன்ல நான் மட்டுந்தான பாப்பேன்," என்றாள் கலாமணியக்கா, பிள்ளையின் கையிலிருந்து தோட்டை மெதுவாக விடுவித்துக்கொண்டே, அண்ணன் பக்கம் திரும்பி. "ஏனுங்ண்ணா, வாசல்ல கண்ணாடிப் பொட்டிக்குள்ள அந்த வெள்ளைக்காரங்க ரெண்டு பேரு இருக்கறாங்கல்லோ, அவிய போதும், பாவம், எறக்கி உட்டுருங்க. இதை ஆளுயரத்துக்குப் பெருசு பண்ணி அங்க மாட்டுங்க. எங்க பெரியப்பன் தெனமும் டீ குடிக்க இந்த வழியாத்தான் வருவாரு."